பாதி வழியில் நின்ற பீரோ

ஜூன் 8, ஞாயிறு. காலை 7.10.
வீட்டில் ஆட்கள்: இரண்டு. போன மாதம் இதே தேதியில் மூன்று.

பீரோ இன்னும் படுக்கையறை வாசலில்தான் நிற்கிறது. பாதி உள்ளே, பாதி ஹாலில். அம்மா அதை நகர்த்திக்கொண்டிருந்தபோது நடுவில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கேயே உட்கார்ந்தவள்தான். இதயம். மூன்று வாரம் ஆகிறது.

கனமான இரும்பு பீரோ. வாசலில் அது போக மிச்சம் ஓர் அடி இருந்தால் அதிகம். நான் பக்கவாட்டில் நுழைந்துவிடுவேன். அப்பா வயிற்றை எக்கிப் பார்த்தார், முடியவில்லை. பீரோவின் கதவு வாசல் நிலைச்சட்டத்தைப் பார்த்தபடி இருப்பதால் கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அப்பாவின் சட்டை எல்லாம் அதற்குள். அதனால் என் சட்டைகளைப் போட்டுக்கொண்டு திரிகிறார். முதுகில் 'லிஃப்ட் சர்வீஸ்' என்று அச்சடித்த சட்டையோடு நேற்று கடைக்குப் போயிருக்கிறார். அடுத்த கட்டடத்து அம்மா ஒருத்தி வழியில் நிறுத்தி, லிஃப்ட் கதவு சரியாகச் சாத்துவதில்லை என்று திட்டியிருக்கிறாள். "ரெண்டு நாள்ல பாக்கறேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இரண்டு பேர் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. சொன்னேன்.

"எந்தப் பக்கம் தள்ளுவே?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா?"

"அவ உள்ள கொண்டு போனாளா, வெளிய கொண்டு வந்தாளா? அது தெரியாம ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

முடிந்தது பேச்சு.

ஜூன் 9, திங்கள்

கேள்வி சின்னது. அம்மா நகர்த்துவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, பீரோ எங்கே இருந்தது? படுக்கையறையிலா, ஹாலிலா?

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறேன். வெளியாளிடம் சொன்னால் நம்பமாட்டான்.

ஞாயிறு வந்தால் அம்மா வீட்டை மாற்றுவாள். கட்டில், மேஜை, பீரோ, ஃபிரிட்ஜ், எதையும் விட்டுவைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "ஒரே மாதிரி இருந்தா வீடு தூங்கிடும்" என்பாள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தது சமையலறையில், அடுப்புக்கு முதுகைக் காட்டி. அந்த வருடம் ஃபிரிட்ஜ் என் தலைமாட்டில் இருந்தது. இன்றைக்கும் பக்கத்தில் ஏதாவது மோட்டார் ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. லிஃப்ட் வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்பாள் அக்கா.

சித்தப்பா ஒருமுறை, போன தடவை வந்தபோது நாற்காலி இருந்த இடத்தில் பேசிக்கொண்டே உட்கார்ந்தார். அங்கே நாற்காலி இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு காலை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டுதான் வருவார். அப்பா இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து, விளக்கைப் போட்டால் எங்கள் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே போய்ப் படுத்து, காலையில் சாப்பாட்டு மேஜை மேல் எழுந்திருக்கிறார். "அடியேய், வீட்டுக்கும் ஒரு ரூட் போர்டு மாட்டிடு" என்றார்.

அப்பாவுக்கு முதுகு வலி. கை கொடுக்க மாட்டார். ஓரமாக உட்கார்ந்து, வண்டியை ரிவர்ஸ் எடுப்பதற்குக் குரல் கொடுப்பதுபோல், "வா... வா... கொஞ்சம் லெஃப்ட்டு... வா... போதும் போதும்" என்று வழி சொல்லுவார். "நான் என்ன லாரியா?" என்பாள் அம்மா. ஆனால் அவர் குரல் கொடுக்காமல் எதையும் வாசலுக்குள் நுழைக்கமாட்டாள்.

அந்த ஞாயிறு அப்பா முடி வெட்டப் போயிருந்தார். நான் வேலையில் இருந்தேன்.

எதையும் நாங்கள் பார்ப்பதே இல்லை. பார்த்து என்ன பிரயோஜனம்? அடுத்த ஞாயிறு மாறிவிடும். கையால் தடவிக்கொண்டே வாழப் பழகிவிட்டோம். அதன் விலை இது.

ஜூன் 11, புதன்

அப்பாவுக்கு ஒரு சட்டையாவது எடுத்துத் தரலாம் என்று, கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, பீரோக் கதவு இடுக்கில் விட்டுத் துழாவினேன். ஏதோ மாட்டியது. இழுத்தேன். அம்மாவின் பச்சைப் புடவை.

அப்பா கையை நீட்டினார். வாங்கி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். மறுபடி.

கம்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஜூன் 12

நேற்றும் ஹாலில் நாற்காலியில்தான் தூங்கினார். கழுத்து வலிக்கிறதாம். வலிக்காமல்?

ஜூன் 14, சனி

அக்கா வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டேய் ஸ்பேனர், என்னடா அப்பாவுக்கு உன் சட்டைய மாட்டி விட்டிருக்கே, லிஃப்ட்டுக்கு வேலைக்கு அனுப்பறியா?" என்றாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். காரியத்துக்கு வந்தபோது பார்த்த இடத்திலேயே நிற்கிறது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவோடு வீடியோவில் பேசும்போது அவள் அவ்வப்போது திரையைப் படம் பிடித்து வைப்பாளாம். பின்னணியில் பீரோ தெரியும் அல்லவா? நல்ல யோசனை. இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தோம்.

அம்மாவின் நெற்றி. நெற்றிக்கு மேல் மின்விசிறி. அடுத்தது, பாதி நெற்றியும் மின்விசிறியும். போனை எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் ஆயிரம் முறை சொல்லியிருப்போம். ஒன்றில் காது மட்டும். ஒன்றில் மின்விசிறி மட்டும், அதையும் அக்கா அழிக்காமல் வைத்திருக்கிறாள். கடைசிப் படத்தில் அம்மா எதற்கோ சிரிக்கிறாள், சிரிப்பு திரைக்குக் கீழே போய்விட்டது. கண் மட்டும் சுருங்கியிருக்கிறது.

முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அது எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை. அக்கா போனைக் குப்புற வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் கீழ் வீட்டுப் பல் டாக்டர் வந்தார். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்காகத் துடைப்பக் கட்டையால் எங்கள் தரையைக் கீழிருந்து இடிப்பவர். அம்மா பதிலுக்கு மேலிருந்து குதிகாலால் இடிப்பாள். அவர்களுக்குள் வேறு பேச்சுவார்த்தை கிடையாது.

"சத்தமே வரலையே தம்பி" என்றார். "ஞாயித்துக்கிழமை எழுந்திரிக்கவே லேட்டாயிடுது."

பீரோ எந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கு இடி விழற மாதிரி சத்தம்தான் தெரியும். இடி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு யாரு பாக்கறா?" கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

மதியம் சண்டை. அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போக வேண்டும் என்கிறாள் அக்கா. இது முடிந்த பிறகு வருகிறேன் என்கிறார் அப்பா. எது முடிந்த பிறகு?

"அப்பா, அவ ஞாயித்துக்கிழமையானா தள்ளறவ, தள்ளினா. உள்ளயோ வெளியயோ! அதுல என்ன இருக்கு?" என்று கத்தினாள் அக்கா.

அப்போதுதான் சொன்னார். குரலே இல்லாமல்.

"முந்தின நாள் ராத்திரி நான்தான் சொன்னேன். ரூம்ல காத்தே இல்லடி, மூச்சு முட்டுது, எதையாவது எடுத்து வெளிய போடுன்னு. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். ஜன்னல அடைச்சுக்கிட்டு நின்னது பீரோவா, வேற எதாவதான்னு பாக்கக்கூட இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உள்ள கொண்டு போனான்னா, அது அவ ஆசை. வெளிய எடுத்தான்னா..."

ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொன்னார், சும்மா உட்கார்ந்திருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கும் என்று. அதை அப்பாவிடம் நூறு முறை சொல்லியாகிவிட்டது. தலையாட்டுகிறார். நம்பவில்லை.

அக்கா மாலை வண்டிக்குத் தனியாகத்தான் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆள். எங்கள் வேலையில் இதற்கு ஒரே வழிதான். அவன் மேலே போனானா கீழே போனானா என்று கேட்கமாட்டோம். பக்கத்தில் எந்த மாடியோ அங்கே கொண்டுவந்து கதவைத் திறந்து ஆளை வெளியே எடுப்போம்.

வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

அப்பா நடக்கப் போன நேரம் பார்த்து டார்ச்சோடு உள்ளே நுழைந்தேன். அந்த அறையில் பல்பு போய் மாதக்கணக்காகிறது. லிஃப்ட்காரன் வீட்டில் பல்பு மாற்ற ஆளில்லை. இத்தனை நாள் உள்ளே போய் அப்பாவின் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவேன், தரையைப் பார்த்ததில்லை.

குப்புறப் படுத்து பீரோவின் அடியில் வெளிச்சம் அடித்தேன். அதன் கால்களுக்கு அம்மா சாக்ஸ் போட்டிருக்கிறாள். வழுக்கிக்கொண்டு போவதற்கு. ஒன்று என் பள்ளிக்கூடச் சாக்ஸ், சாம்பல் நிறம். ஒன்று அப்பாவின் காக்கி. ஒன்று அக்காவின் வெள்ளை. இந்த வீட்டில் சாக்ஸ் என்றைக்குமே ஜோடியாக இருந்ததில்லை. ஒற்றைச் சாக்ஸோடு அலறினால், "கால்ல போட்டத காலுக்கே தெரியணும், என்னக் கேட்டா?" என்பாள். இருபது வருட ரகசியம், பீரோவுக்கு அடியில்.

நான்காவது காலில் ஒன்றும் இல்லை. அந்தச் சாக்ஸ் படுக்கையறைக்குள் கிடந்தது, ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி. அது கழன்ற இடத்திலிருந்து வெறுங்கால் தரையைக் கீறிக்கொண்டே வந்திருக்கிறது. புதுக் கீறல். ஜன்னலில் தொடங்கி வாசலில் முடிகிறது. ஜன்னல் சாத்தியே இருக்கிறது, கொக்கி துருப்பிடித்து. முதலில் பீரோவை எடுத்துவிட்டு அப்புறம் திறக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

வெளியேதான். வெளியேதான் கொண்டுவந்திருக்கிறாள்.

ஏம்மா. ஒரு ஆள் வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா. நான் சாயங்காலம் வந்திருப்பேனே. ஒரு அஞ்சு நிமிஷம்மா. அஞ்சே நிமிஷம்.

சாக்ஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கீறல் மேல் பாயை விரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

"அம்மா உள்ளேதாம்பா கொண்டு போயிருக்கா" என்றேன்.

"எப்படிச் சொல்றே?"

எடை பின்னால் சாய்ந்திருக்கிறது, முன்கால் தூக்கலாக இருக்கிறது, தள்ளிய விசை ஹால் பக்கமிருந்து வந்திருக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். ஒரு வரியில்கூட அர்த்தம் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சவன் சொன்னா சரி" என்றார்.

வெறுங்காலுக்கு என் சாக்ஸ் ஒன்றை மாட்டினேன். தள்ள ஆரம்பித்தேன். அப்பா பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை நான். பிறகு வந்தது.

"வா... வா... கொஞ்சம் லெஃப்ட்டு..."

தொண்டையைச் செருமினார்.

"...வா... வரலாம்... போதும். போதும்டா."

ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நிறுத்தினோம். கீழ் வீட்டிலிருந்து ஒரே ஒரு இடி. மெதுவாக.

ஜூன் 24

சொந்தச் சட்டை. சொந்தக் கட்டில். தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

ஜூன் 28, சனி. மாலை.

அப்பா கூப்பிட்டார். போனேன். பாய் சுருட்டி ஓரமாக நின்றிருந்தது. அப்பா கீறல் மேல் விரலை வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நடக்கற வழியில எவனாவது பாய விரிப்பானாடா?"

நான் பாயைப் பார்த்தேன்.

"ரோட்டுல டயர் கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாத்தா, வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? உள்ள வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்பா சொல்லல?"

"உனக்குப் பொய்யே வராது. கஷ்டப்பட்டு ஒண்ணு சொன்னே. வீணாக்க வேணாம்னு பாத்தேன்."

அப்பா எழுந்திருக்கக் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். கையை விடவில்லை.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொல்லி உங்கம்மா கேட்டது இது ஒண்ணுதான்டா. ஒண்ணே ஒண்ணு." சிரித்தார் என்றுதான் நினைத்தேன். "அதையும் நீ திருப்பி உள்ள தள்ளிட்டே."

அவர் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம். நானும்தான்.

நாளை ஞாயிறு. செய்ய வேண்டியவை:

1. அறைக்குப் பல்பு மாற்றுவது.
2. ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டு, திறப்பது.
3. நான்காவது காலிலிருந்து என் சாக்ஸைக் கழற்றி, அம்மா போட்டதையே மாட்டுவது.
4. பீரோவை வெளியே கொண்டுவருவது. நான் தள்ளுவேன், அப்பா சொல்லுவார். ஹாலில் எந்த இடம் என்று அம்மா சொல்லவில்லை. அப்பா "போதும்" என்கிற இடத்தில் நிறுத்துவது.
5. பல் டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.
6. எல்லாம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு அறையாகப் போய், எது எங்கே இருக்கிறது என்று நின்று பார்ப்பது.