மந்திரியைப் பற்றி இரண்டு அறிக்கைகள்

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. கிளம்பும் நேரத்தில் மந்திரியும் அவள் அம்மாவும் வந்துவிட்டார்கள்.

மந்திரி என்று பெயர் வைத்தது நான்தான். ஆறு வயதில் என் வகுப்புக்கு வந்தாள். தாழ்வாரத்தின் கடைசி அறை. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கானது. முதல் நாளே வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள். குழாய் பழுது பார்க்க வந்தவரையும் விடவில்லை. "என்ன மந்திரி, ஓட்டு கேக்க வந்தியா?" என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

அம்மா தையல்காரி. உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"ஜூன்ல பதினெட்டு முடியுது டீச்சர். அதோட நலத்துறையில பிள்ளைங்க பிரிவு கையை விரிச்சிடும். பெரியவங்க பிரிவுல எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து. அவளை நல்லாத் தெரிஞ்சவங்க ஒரு அறிக்கை எழுதித் தரணுமாம். உங்களை விட்டா யாரு?"

நாலு பெண்கள் சேர்ந்து இருக்கும் வீடு ஒன்று இருக்கிறதாம். கூடவே ஒரு உதவியாளர் தங்குவார். அதில் ஒரு இடம் காலி.

"எனக்கப்புறம்னு நெனைச்சாலே தையல் கோணலாப் போகுது டீச்சர்."

மார்ச் 7, வெள்ளி

பழைய குறிப்பேடுகளை எல்லாம் இறக்கினேன். பத்து வருடத்துக்கான என் கையெழுத்து. மந்திரி முதன்முதலாகப் பொத்தான் போட்ட நாள். அதற்கு ஒரு பக்கமே எழுதியிருக்கிறேன்! மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டு, சட்டை கோணிக்கொண்டு நிற்க, அவள் அப்படியே பள்ளி முழுக்கச் சுற்றி வந்தாள். தலைமையாசிரியர் பேசாமல் தன் சட்டைப் பொத்தானையும் மாற்றிப் போட்டுக்கொண்டார். அந்த மனிதரையும் நினைத்துக்கொண்டேன்.

அறிக்கையை மாலைக்குள் முடித்தேன். நாலு பக்கம். தானாகப் பேருந்தில் செல்வாள். அடுப்பு பற்றவைப்பாள். எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இதைப் படிச்சா அவ உன்னைப் பாத்துக்குவா போலிருக்கே!" என்றார்.

சிரித்தேன். இன்று நல்ல நாள்.

மார்ச் 26, புதன்

மந்திரிக்கு உதவி தேவையில்லையாம். கடிதம் வந்திருக்கிறது. அம்மா தொலைபேசியில் வாசித்தாள். 'ஆசிரியரின் அறிக்கைப்படி இவர் பெரும்பாலும் சுயமாக இயங்குபவர்.'

என் அறிக்கைப்படி.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

அலுவலகத்துக்குப் போனேன். சமூகப் பணியாளர் சின்னப் பெண். மேசையில் கோப்புகளுக்கு நடுவே பாதி சாப்பிட்ட ஆப்பிள்.

"உங்க அறிக்கை ரொம்ப அழகா இருந்துச்சு மேடம். அதான் பிரச்சினையே. அவங்களோட நல்ல நாளை மட்டும் எழுதியிருக்கீங்க. எனக்கு மோசமான நாள் வேணும்."

"முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களால என்ன முடியும்னுதாம்மா எழுதிப் பழகியிருக்கேன்."

"சரி, பஸ்ல தனியாப் போவாங்களா?"

"ஏழாம் நம்பர்ல போவா."

"ஏழாம் நம்பர் வரலைன்னா?"

வராவிட்டால் இருட்டும்வரை அங்கேயே நிற்பாள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதவில்லை.

ஏப்ரல் பத்துக்குள் புது அறிக்கை தந்தால் மறுபரிசீலனைக்கு வைக்கலாமாம். அதற்குப் பிறகு அந்த இடம் வேறொருவருக்கு.

மார்ச் 29, சனி

எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற வருடம். மந்திரிக்குப் பதினாறு. பள்ளி வாசலிலிருந்து நிறுத்தம்வரை அவளைத் தனியாக அனுப்பியது நான்தான் — நடுவில் ஒரே ஒரு தெருதானே என்று. அங்கே யாரோ ஒரு பெண் கை நீட்டியிருக்கிறாள். மந்திரி குலுக்கினாள். கூடவே போய்விட்டாள். மூன்று மணி நேரம் கழித்து ஊரின் மறுகோடிச் சந்தையில் கண்டுபிடித்தோம். காதில் தோடு இல்லை, பை இல்லை. "புது அக்காவோட போனேன் டீச்சர், ஜாலியா இருந்துச்சு" என்றாள்.

அந்த வருட அறிக்கையிலும் எழுதினேன், எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறாள் என்று. யாருக்காக மறைத்தேன்? அவளுக்காகவா? சீ, என் மனசுக்கே தெரியும்.

ஏப்ரல் 5, சனி

அவளுக்குத் தெரியாமல் அவளால் முடியாததை எழுதக் கூடாது என்று தோன்றியது. வரச்சொன்னேன். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம்.

"மந்திரி, உனக்கு எதெல்லாம் கஷ்டமோ அதை எழுதப் போறேன். கோபப்படுவியா?"

"எழுதுங்க. நான் சொல்றேன்."

விரல் விட்டுச் சொன்னாள். அடுப்பை அணைக்க மறந்துவிடும். மாத்திரை எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று குழப்பம். ஏழாம் நம்பர் வராவிட்டால் அழுகை வரும். என்னால் பேனாவைக் கீழே வைக்கவே முடியவில்லை. பிறகு நாலாவது விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. யாராச்சும் கை நீட்டினா எனக்கு 'வேணாம்'னு சொல்ல வராது டீச்சர். தோடு போச்சுல்ல? அதையும் எழுதுங்க."

மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"உன்னை அன்னைக்குத் தனியா அனுப்பினது என் தப்புடா கண்ணா."

"ஆமா," என்றாள். அப்புறம், "பிஸ்கட் இருக்கா?"

ஒரு பக்கம்தான் வந்தது. கீழே அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன். நாலு எழுத்துக்கு ஐந்து நிமிடம்.

ஏப்ரல் 7, திங்கள்

நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். சமூகப் பணியாளர் இரண்டு முறை படித்தாள். கையெழுத்தைக் காட்டி, "இது யாரு?" என்றாள். "இதை எழுதினவங்க" என்றேன்.

மே 8, வியாழன்

கிடைத்துவிட்டது. அவள் அம்மா தொலைபேசியில் சொன்னாள். பேச்சோடு அவள் மிதிக்கும் தையல் எந்திரம் நின்று நின்று ஓடும் சத்தம்.

ஜூலை 6, ஞாயிறு

முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். மஞ்சள் கதவு. பக்கத்தில் நாலு பெயர்கள் ஒட்டிய அஞ்சல் பெட்டி. வகுப்பு அலமாரியில் பெயர்ச் சீட்டு ஒட்டிய ஞாபகம் வந்தது. அவளுடையதை அவளே தலைகீழாக ஒட்டுவாள். இங்கே நேராக இருந்தது. சொல்லாமல் போய் அசத்தலாம் என்று நினைத்து மணியை அடித்தேன்.

சங்கிலி போட்டபடியே கதவு நாலு விரல் திறந்தது.

"யாரு?"

"நான்தான் மந்திரி. டீச்சர்!"

"வர்றேன்னு முன்னாடியே சொன்னீங்களா?"

"இல்லையேம்மா. என்னைத் தெரியலையா?"

"தெரியுது. ஆனா சொல்லாம வந்தா இங்க கூடத் தங்குற அக்காகிட்ட கேக்கணும். அதான் ரூல்."

பழக்கத்தில் இடுக்கு வழியாகக் கையை நீட்டிவிட்டேன். அவள் கையும் பாதி தூரம் வந்தது. நின்றது. முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"இப்ப வேணாம் டீச்சர். இருங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். உள்ளே, "அக்கா, டீச்சர் வந்திருக்காங்க, விடலாமா?" என்று கேட்கும் சத்தம். பிறகு குழாய்ச் சத்தம், யாரோ சிரிப்பது.

பத்து நிமிடம் நின்றிருப்பேன். எதிர்வீட்டுக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "என்னங்க, யாரும் இல்லையா?"

"இருக்காங்க," என்றேன். "கேட்டுட்டு வர்றாங்க."