கடுகளவு வெளிச்சம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் கண்ணைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காதே. கண்புரையை எடுத்துவிடு என்று ஆறு மாதமாக நீ தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறாய், நானும் பரீட்சை முடியட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில் பயம்தான். உள்ளதும் போய்விட்டால் வகுப்பில் எப்படி நிற்பேன்?

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில், லென்ஸ் இல்லாமலே வெளிச்சத்தைக் குவித்துக் காட்டுகிறேன் என்று சவடால் விட்டேன். தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வரைந்து, ஒன்றுவிட்டு ஒன்றுக்குக் கருப்பு மை பூசினேன், போட்டோக்காரர் அதை நகத்தளவு ஃபிலிமாகச் சுருக்கித் தந்தார். லேசர் ஒளியை விரித்து அதன் வழியே விட்டால் திரையில் வெறும் மங்கல். பிள்ளைகள் பாவம், எனக்காகக் கைதட்டினார்கள். வீட்டில் உன் அப்பா அளந்து பார்த்தால் வெளிவளையங்கள் எல்லாமே மூன்று நான்கு மில்லிமீட்டர் தப்பு. அளவுகோலின் கோடு தெரியாமல் குத்துமதிப்பாகக் காம்பஸை வைத்திருக்கிறேன். "எங்கள ஏமாத்தலாம், வெளிச்சத்த ஏமாத்த முடியுமா டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டு, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அவரே புதிதாக வரைந்தார்.

புது ஃபிலிமை வைத்துத் திரையைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சம் திரை நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்ததும் வகுப்பே ஆ என்றது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் நாங்கள் சந்தேகம் என்று கூப்பிடும் பெண் எழுந்து, "பாதி வெளிச்சத்த மறைச்சுட்டோமே மிஸ், அப்புறம் எப்படி நடுவுல ஜாஸ்தியாச்சு?" என்றாள். அந்த இடத்துக்கு வரும் அலைகளில் பாதி, மற்றப் பாதியை அழிக்கத்தான் வருகிறது, அதை மையால் தடுத்துவிட்டோம், மிச்சமெல்லாம் ஒரே தாளத்தில் வந்து கூடுகிறது என்றேன். இருபத்தாறு வருஷமாகச் சொல்லும் பாடம்தான், சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. வெறும் கருப்பு மைக்கு இத்தனை சக்தியா!

உன்னிடம் மறைப்பானேன், அந்தப் புள்ளியை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது சிவப்பாய் ஒரு பஞ்சுப்பொதி. எவ்வளவு பெரிசு என்று கேட்டேன், "கடுகளவு மிஸ்" என்றார்கள், பார்த்தவள் மாதிரித் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே கண் டாக்டரிடம் போய்த் தேதி வாங்கிவிட்டேன். வரும் புதன்கிழமை.

லீவு போட்டு ஓடிவராதே, அப்பா இருக்கிறார். அன்றைக்குப் போனை அவர்தான் எடுப்பார், அழுது அவரையும் அழவைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். லேப் உதவியாளரிடம் ஃபிலிமை ஸ்டாண்டிலிருந்து கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் இன்னும் பார்க்கவில்லை என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா