நீங்க ஃப்ரீ தானுங்களே

ஜனவரி 20, திங்கள்

வாரம் பிறந்த முதல் நாளே ஐந்தாவது பீரியட் போச்சு.

"மிஸ், நீங்க ஃப்ரீ தானுங்களே?" என்று கேட்டபடியே அருண்குமார் சார் ஆசிரியர் அறைக்குள் வந்தார். எங்கள் பள்ளியில் யாராவது லீவு போட்டால், அந்த வகுப்புக்கு வேறு ஆளைத் தள்ளிவிடுவது அவர் வேலை. கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். திருத்த வேண்டிய நோட்டுகள் மேசையில் குவிந்து கிடப்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "இருங்க, வாரேன்" என்று எழுந்து போனேன். ஒன்பதாவது பையன்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இரைகிறது.

இத்தனை வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதியில் இந்த ஒரு வார்த்தைக்குப் பத்தி பத்தியாகப் பொருள் போட்டிருக்கிறது. என்னைப் பார்த்துச் சொன்னால் மட்டும் ஒரே பொருள்தான். இவள் தலையில் எதையாவது கட்டலாம்.

ஜனவரி 22

எழுத ஒன்றுமில்லை. கால் வலி.

ஜனவரி 24, வெள்ளி

ஏழு-பி வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'ஃப்ரீ' என்ற சொல்லை வேறு வேறு பொருளில் வைத்து வாக்கியம் எழுதுங்கள் என்றேன். பாடத்திட்டத்தில் இல்லை, என் எரிச்சலில் வந்த பயிற்சி.

சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ என்று அனீஸ் எழுதியிருந்தான். ஒருத்தன், எங்கப்பா வண்டியில் கிளட்ச் ரொம்ப ஃப்ரீ என்று. சைத்ராவின் தாத்தாவை டாக்டர், மோஷன் ஃப்ரீயாகப் போகிறதா என்று கேட்டாராம். அவள் எழுந்து நின்று படித்ததும் வகுப்பே உருண்டது. நானும் சிரித்துவிட்டேன். சரியான உபயோகம்தானே, டிக் போட்டேன். நாடு ஃப்ரீ ஆனது என்று எழுத ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை.

லாஸ்யாவின் நோட்டைக் கடைசியில் எடுத்தேன். "என் அப்பா ஃப்ரீ இல்லை. அவர் ஆபீஸ் போகிறார். என் அம்மா ஃப்ரீ. அவர் சமைக்கிறார், துவைக்கிறார், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார், எனக்குத் தலை பின்னுகிறார், பாட்டிக்கு இன்சுலின் போடுகிறார்."

இலக்கணத்தில் பிழையே இல்லை. ஆனாலும் டிக் போடக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போட்டேன். இலக்கணம் பார்க்கத்தானே சம்பளம்.

இந்த ஏழு-பி மேல் எனக்கு ஒரு இது. எங்கள் பள்ளியில் ஆறாவதில் ஒரு வகுப்பைக் கையில் எடுத்தால் எட்டாவது முடிகிற வரைக்கும் அதே டீச்சர்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏ, பி, சி, டி-யில் தடுமாறின பிள்ளைகள் இன்றைக்கு என்னையே கிண்டல் பண்ணி வாக்கியம் எழுதுகிறார்கள். ஜூன் வந்தால் எட்டு-பி. இன்னும் ஒரு வருஷம்.

ஜனவரி 31

வழியில் தென்னந்தோப்பை விட்டு யானை நகரவில்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கு லேட். லேட் என்று குறித்துக்கொள்ள அருண்குமார் சார் ஃப்ரீயாக இருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பி வந்துவிட்டுப் போனான். தமிழ்வேந்தனுக்குப் பெருந்துறையில் வேலை, அங்கேயே வாடகை வீடு. மனைவி இளவேனில் பிரசவத்துக்குக் கொடுமுடியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பாப்பா பிறந்து இரண்டு மாசம். ஜூனில் இளவேனில் திரும்ப வேலைக்குப் போக வேண்டும்.

கோழிக்குழம்பு வைத்திருந்தேன். நல்லாச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை சோறு போட்டபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அக்கா, ஜூன்ல இருந்து நீயும் அம்மாவும் பெருந்துறைக்கே வந்துருங்க. பாப்பாவ நீ பாத்துக்க. ஸ்கூல்ல அப்படி என்ன பெருசாக் குடுக்கறாங்க? உனக்கென்ன, புருஷனா புள்ளையா... நீ ஃப்ரீதான?"

அவன் கை சோற்றில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. அப்பா வைத்த சட்டம் அது. அப்பா கூலிக்குப் போன தோட்டத்துக்காரர், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றாராம். அப்பா அப்படியே கையை உதறி எழுந்து வந்தவர். அதனால் இந்த வீட்டில் கேட்க வேண்டியதை எல்லோரும் சாப்பிடும்போதுதான் கேட்பார்கள், திருட்டுப் பசங்க. தமிழு சின்ன வயசில் சைக்கிள் கேட்டதும் இப்படித்தான்.

"ஆகட்டும், பாக்கலாம்" என்றேன். ரசம் ஊற்றினேன்.

அவன் போன பிறகு பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். புருஷன் பிள்ளை இல்லாதவளுக்கு நேரம் என்று ஒன்று தனியாக இருக்கக் கூடாதா? அது ஊர்ப் பொதுச் சொத்தா?

பிப்ரவரி 12

அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டது. "எம் பேத்தியப் பாத்துக்க நாங்க பெருந்துறைக்குப் போறமுங்க." எங்கம்மா பழனியாத்தாளுக்குச் சந்தோஷம் வந்தால் ஊருக்கே வரும். இப்போது அதன் ஒரே கவலை, வீட்டுக்குப் பின்னால் மேயும் கோழிகளை யாரிடம் விடுவது என்பதுதான்.

"ம்மா, நான் இன்னும் முடிவு பண்ணலை."

"தம்பிகிட்ட ஆகட்டும்னியே கண்ணு?"

உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். பேசவும் தெம்பு வேணுமே.

பிப்ரவரி 17, திங்கள்

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். ஏதோ பெற்றோர் புகார் என்று நினைத்துப் போனேன்.

"வாங்க மிஸ், உக்காருங்க. உங்க தம்பி போன் பண்ணுனாருங்க. ஜூன்ல இருந்து வரமாட்டீங்கன்னாரு. குடும்பந்தானுங்க முக்கியம், நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். எட்டு-பி-ய நந்திதா மிஸ்ஸுக்குக் குடுத்துட்டேன். பேரண்ட்ஸ்கிட்டயும் சொல்லியாச்சுங்க."

அவர் முன்னால் டீ இருந்தது, எனக்கும் ஒன்று சொன்னார். குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்! ஏன் சொன்னேன்? எதுக்கு நன்றி?

என்ன தைரியம் இவனுக்கு. என் வேலைய விட்டுட்டேன்னு இவன் சொல்றான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. நான் என்ன ஊட்டுல கெடக்கற பழைய நாற்காலியா, தூக்கி அங்க போடு இங்க போடுன்னு? அந்தப் புள்ளைகள்கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு... லாஸ்யா கேட்டுட்டா, "மிஸ், எங்கள உட்டுட்டுப் போறீங்களா?"ன்னு. கரும்பலகை பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பிப்ரவரி 18

தம்பியிடம் போனில் கேட்டேன்.

"நீதானக்கா சரின்னே?"

"நான் ஆகட்டும் பாக்கலாம்னேன். நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்தே."

"அதுக்கென்னக்கா? இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? அவங்க முன்னாடியே ஆள் பாக்கட்டும்னுதான் சொன்னேன், உனக்கு அலைச்சல் மிச்சம். ஃப்ரீயா உடுக்கா."

ஃப்ரீயா விடு. இதற்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. எனக்குத் தெரியும். வாயை மூடு என்று பொருள்.

பிப்ரவரி 26

காய்ச்சல். மூன்று பீரியட் எடுத்தேன். நாலாவதும் ஃப்ரீ தானே என்று அருண்குமார் சார் வந்து கேட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

கொடுமுடி போய்விட்டு வந்தேன். தம்பியிடம் போனில் சொன்னால் ஏறாது. இளவேனிலின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம், நான் வரவில்லை அம்மணி, மன்னிச்சுக்கோ என்று. வழியெல்லாம் மனசுக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். காந்திபுரம் வரைக்கும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஓரமாக உட்காரப் போனபோது ஒரு பெரியவர், "ஃப்ரீயா வாரவங்களுக்கு சீட்டு வேறயாக்கும்" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரோடு சண்டை பிடித்தால் இளவேனிலுக்கு வைத்திருந்த தைரியம் தீர்ந்துபோகும்.

அங்கே போனால், பாப்பா தூளியில் தூங்குகிறது. இளவேனிலின் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இளவேனில் ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? பாப்பாவப் பாத்துக்க எங்கம்மா வாரேன்னுச்சுங்க. உங்க தம்பிதான் வேண்டாம்னுட்டாருங்க. மாமியா வந்து மருமகன் ஊட்டுல உக்காந்தா நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்களாம். எங்கக்கா ஃப்ரீயாத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாருங்க. அன்னிலிருந்து அம்மா சரியாச் சாப்புடறதே இல்லைங்க."

"உங்கிட்டக் கேட்டானா, நான் வரட்டுமான்னு?"

"உங்ககிட்டக் கேட்டாருங்களா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பாப்பா எழுந்துகொள்ளும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். உள்ளே இருந்த அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்களே வாங்க, நாலு பேரு பேசுனா நான் பேசிக்கறேன்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. பச்சைப்புளி ரசம் வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. அப்புறம் ஏன் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்?

நான் முடியாது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் என்னை வேண்டாம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு நான் இல்லாமல் ஒன்றும் குறைந்துவிடாது. அது எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் குத்தவும் செய்கிறது. இருபது வருஷமாக எல்லோருக்கும் நான் தேவை என்றுதானே ஓடிக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டேனா, இல்லை சும்மா கைக்கு அகப்பட்டேனா?

மார்ச் 3

தமிழு போன் பண்ணிக் கத்தினான். "என் குடும்பத்துல நீ யாருக்கா முடிவு பண்ண?" என்றான்.

"இதைத்தான்டா நான் போன மாசம் கேட்டிருக்கணும்" என்றேன். வைத்துவிட்டான்.

அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கோழிக்குத் தவிடு பிசையப் போய்விட்டது.

மார்ச் 5

தாளாளரைப் பார்த்தேன். நான் போகவில்லை, எட்டு-பி எனக்கு வேண்டும் என்றேன்.

"ஏனுங்க மிஸ், முன்னமே சொல்லியிருக்கலாமுங்களே. இப்ப நந்திதா மிஸ்கிட்ட வாங்குனா நல்லா இருக்காதுங்க. வேணும்னா உங்களுக்கு வகுப்பே வேண்டாம், யாரு வரலியோ அங்க போங்க. வேலை கம்மி."

அதாவது நாள் முழுக்க அருண்குமார் சார் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் ஓட வேண்டும். "எனக்குன்னு ஒரு வகுப்பு வேணுங்க. இல்லைன்னா நான் நிஜமாவே வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிதாகச் சேரும் ஆறு-ஏ-வைக் கொடுக்கிறேன் என்றார்.

மறுபடியும் ஏ, பி, சி, டி.

வெளியே நந்திதா நின்றிருந்தாள். சின்னப் பெண். "எனக்குத் தெரியாதுங்க மிஸ், நீங்க போறீங்கன்னுதான் சொன்னாங்க" என்று கண்கலங்கினாள். அவள்மேல் என்ன தப்பு? லாஸ்யாவை முன் பெஞ்சில் உட்கார வை, பின்னால் உட்கார்ந்தால் பேசவே மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11

ஏழு-பி-க்குக் கடைசி வகுப்பு. பாடம் எடுக்கவில்லை. அனீஸ் மிமிக்ரி செய்தான், என்னைப் போலவே. நான் அவ்வளவு சலிப்பாகவா பேசுகிறேன்?

மே 25, ஞாயிறு

சம்பந்தியம்மாள் பெருந்துறை போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டது. கோழிகள் என் பொறுப்பு. பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ப்பது யார் என்று அங்கே இரண்டு பேருக்கும் போட்டியாம், இளவேனில் போனில் சொல்லிச் சிரித்தாள். நாலு பேர் பேசினார்களா என்று கேட்டேன். மேல் வீட்டு அம்மா, எப்படியாவது எங்க ஊட்டுக்கும் இப்படி ஒரு மாமியார் கிடைக்கட்டும் என்றாராம்.

தமிழு இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தமிழு கூப்பிட்டான். சுற்றி வளைத்து மழையைப் பற்றிப் பேசினான், தென்னைக்கு நோய் வந்ததா என்றான், எங்களுக்கு ஏது தென்னை! அப்புறம், "பாப்பா குப்புற உழுகுதுக்கா. உனக்கு எப்ப தோதுப்படுமோ அப்ப வந்து பாத்துட்டுப் போ" என்றான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன்டா. பொழுதோட திரும்பிருவேன்."

"சேரிக்கா."

ஜூன் 10, செவ்வாய்

ஆறு-ஏ பிள்ளைகளுக்கு இன்னும் வரிசையில் நிற்கக்கூடத் தெரியவில்லை. ஒன்று, அம்மா வேணும் என்று காலையிலிருந்து அழுதது. மூக்கைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து எழுத வைத்து, தொண்டை கட்டிவிட்டது. எட்டு-பி வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தேன்.

நாலாவது பீரியட். அருண்குமார் சார் வந்தார். "மிஸ், ஏழு-ஏ-க்கு ஆளில்லைங்க. நீங்க ஃப்ரீ தானுங்களே?"

"இல்லைங்க சார்."

அவர் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பீரியட்ல உங்களுக்கு ஒன்னும் இல்லீங்களே?"

"ஒன்னும் இல்லைங்க. சும்மா உக்காரப் போறேன்."

"உடம்புக்கு முடியலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க."

அவர் வேறு யாரையாவது பார்க்கிறேன் என்று போய்விட்டார். எதிர் நாற்காலியை இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் அதன் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். மணி அடிக்கிற வரைக்கும் இறக்கவில்லை.