நுரை போடாமல் வழித்த முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா?

ஒரு சின்ன விஷயம், பயந்துவிடாதீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டதால், அவருக்குச் சவரம் செய்வதும் நான்தான். போன செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. அவருடைய மகள் வரும் நேரம். "சும்மா வழிச்சு விடும்மா" என்று அவர் அவசரப்படுத்த, நுரைகூடப் போடாமல் பிளேடை இழுத்துவிட்டேன். முடியைப் பிடுங்குவதுபோல் கரகரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் கன்னம் சூடுபட்டதுபோல் சிவந்து, கழுத்தெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகள் வந்ததும், "யாரு இப்படிப் பண்ணது?" என்றார்.

பெரியவர் வாய் திறக்குமுன், "நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மகள் நர்ஸை வரவழைத்தார். "காய்ஞ்ச முகத்துல பிளேடு போட்டா மேல்தோலும் சேர்ந்து உரிஞ்சிடும்மா. வெந்நீர்த் துணி வச்சு ஊறவிட்டு, நுரை போட்டு, முடி வளர்ற பக்கமாவே வழிக்கணும்" என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

நான்கு நாளில் ஆறிவிட்டது. வேலையும் போகவில்லை. ஆனாலும் இன்று காலை நுரை போட்ட பிறகு, எடுத்த பிளேடை மறுபடியும் கீழே வைத்துவிட்டேன். பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

அப்பா, அடுத்த தடவை பேசும்போது போனை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். போன வாரம் முழுக்க உங்கள் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மணி அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மூத்தவள்