பழுதுன்னு நீங்களே சொன்ன விதை

என் அன்பு மாமாவுக்கு,

நீங்க கண்ணை மூடி இந்த ஆடியோட ரெண்டு வருஷம். விதைக்கடலை வியாபாரத்தை நான் விடலை. "பொம்பளைகிட்ட போய் யாரு வெதை வாங்குவா?"ன்னு பெரம்பலூர்ல சில பேர் சிரிச்சாங்க. இப்ப அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு. அதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கணும். யுத்தம் நடந்துக்கிட்டிருந்த அந்த வருஷம், வேப்பந்தட்டைப் பக்கம் முப்பது குடும்பத்துக்கு நீங்க விதை கொடுத்து முடிச்சுட்டீங்க. மீந்ததுல பத்துப் பருப்பை ஈரத்துணியில முடிஞ்சு வச்சேன். மூணுதான் முளைச்சுது. எங்கேயோ நனைஞ்ச சரக்கு.

"பேசாம இருங்க. மொளைக்கலைன்னா மழை சரியில்லைன்னு நெனைச்சுக்குவாங்க"ன்னு நான்தான் சொன்னேன்.

"அவங்க நெனைச்சுக்குவாங்க. நமக்குத் தெரியுமே, செல்லம்மா?"ன்னு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டீங்க.

வூடு வூடாப் போய், "நான் கொடுத்த வெதை பழுது, போடாதீங்க"ன்னு நீங்களே சொன்னீங்க. களத்துமேட்டுல, விதை வாங்கியிருந்த வேலாயுதம் அண்ணன் எல்லார் முன்னாடியும் ஏசி, மூட்டையை உங்க காலடியில வீசினார். அதைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. நம்ம காட்டுக்குன்னு வச்சிருந்த நல்ல விதையை அவங்களுக்குப் பங்கு போட்டுட்டீங்க. நம்ம காடு தரிசாக் கிடந்துச்சு. எட்டு நாள் நான் உங்ககிட்ட பேசலை. நீங்களாவது ஒரு தடவை என்னைக் கோவிச்சிருக்கக் கூடாதா?

உங்க சொல்லைத் தட்டிட்டு அதே விதையைப் போட்ட நாலு பேருக்கு அந்த வருஷம் விளைச்சலே இல்லை.

இந்த வருஷம் ஆடி பொறந்ததுமே நல்ல மழை. வேப்பந்தட்டைக்காரங்க வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. புதுச் சரக்கு, பாக்க அழகா இருந்துச்சு. ஆனா நான் முளைப்புப் பாக்கலை. பக்கத்துக் கடையில அளந்து கொடுத்துக்கிட்டே இருக்காங்க. நானும் படியைக் கையில எடுத்துட்டு, திரும்பக் கீழே வச்சேன், மாமா.

"இன்னும் மொளைப்புப் பாக்கலீங்க. அஞ்சு நாள் பொறுக்கணும்"னேன்.

"அதுக்குள்ள ஈரம் காஞ்சிடுமேம்மா"ன்னார் ஒருத்தர்.

வேலாயுதம் அண்ணன்தான் பதில் சொன்னார்: "கரிசல் அஞ்சு நாள் தாங்கும். இந்த வூட்டுல நல்லதுன்னு சொன்னா நல்லது, பழுதுன்னா பழுது. வண்டியத் திருப்புங்கப்பா. தங்கச்சி, பாத்து வைங்க, வரோம்."

ஒரு வண்டிகூடப் பக்கத்துக் கடைக்குப் போகலை.

அஞ்சாம் நாள் துணியைப் பிரிச்சேன். பத்துக்கு ஒம்பது முளைச்சிருந்துச்சு. அன்னைக்கே அளந்து கொடுத்துட்டேன். நேத்து நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். கரிசல் முழுக்க உழவுச் சால் சாலாப் பச்சை.

அன்னைக்கு நீங்க நம்ம பொழைப்பைக் கெடுத்துட்டு வந்தீங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு அதை வச்சுத்தான் பொழைக்கிறேன்.

எனக்குத் தெரிஞ்ச குறையை வாங்க வந்தவங்ககிட்ட மறைக்க மாட்டேன். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்வேன். எந்த அவசரத்துலயும் இந்தச் சொல் மாறாது, மாமா.

உங்க மாமன் மகளும் வூட்டுக்காரியுமான,
செல்லம்மா