தண்ணீர் கொடுத்த பிறகு

மச்சான்,

இன்று காலை அலுமாரியைத் துடைக்கும்போது அந்த ஜாம் போத்தல் கையில் அகப்பட்டது. அடியில் வெள்ளைப் படலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதில் ஒட்டிய சிட்டையில் என் கையெழுத்து: "2005 ஆவணி, இரண்டாம் வெள்ளி. மூச்சு இல்லை." அதன் கீழே பென்சிலால் உன் கோணல் எழுத்து: "தண்ணி குடுத்தியா?" முதலாம் வெள்ளி என்று நீ கடைசிவரை சாதித்தாய். இரண்டாம் வெள்ளியே சரி.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து, பின்னர் என் தங்கையை மணந்து மச்சானும் ஆனவன் நீ. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் அவளைக் கொண்டு போயிற்று. ஆரையம்பதியில் அவள் கச்சான் கடலை பயிரிட்டு வந்த மணற்காணி மட்டும் உனக்கு மிஞ்சியது, அதன்மேல் உப்பு. "வித்துப்போட்டு வாங்கப்பா" என்று கனடாவிலிருந்து மகன் வாராவாரம் அழைத்தான். நீ என்னிடம் வந்தாய்.

"நீதானே மண்ணைப் படிச்சவன். இது உயிரோட இருக்கா, இல்லையா? இல்லையெண்டா நான் போறன்."

மண்ணும் மூச்சு விடும். வேர்களும் அவற்றைச் சூழ்ந்த நுண்ணுயிர்களும் வெளிவிடும் காற்று சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போலக் கலக்கிவிடும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் செய்துவந்த எளிய சோதனை அது. தெளிநீர்ப் போத்தலோடு நாம் போனபோது சோதனைச்சாவடியில் சிப்பாய் அதை முகர்ந்து பார்த்தான். "மண்ணுக்கு நாடி பார்க்கிற மருந்து, சேர்" என்றாய், வெகு பணிவாக. நான் அவசரமாகப் போத்தலை மூடினேன்.

ஒரு போத்தலைத் திறந்து மண்மேல் வைத்துப் பிஸ்கற் தகர ரின்னைக் கவிழ்த்து மூடினேன். ஒப்பிடுவதற்கு இன்னொன்றைப் பொலித்தீன் விரிப்பின்மேல் அதேபோல் மூடி வைத்தேன். மறுநாள் இரண்டும் தெளிவாகவே இருந்தன. நான் சிட்டை எழுதினேன். நீ உன் கொட்டிலுக்குள் போய், அவளுடைய சேலைத்துண்டில் சுற்றியிருந்த காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்தாய். அப்போதுதான் சிட்டையை வாசித்தாய்.

"தண்ணி குடுத்தியா?"

"இருக்கிறபடிதான் மண்ணைச் சோதிக்க வேணும்."

"மழை கண்டு எத்தின மாசம்? காலையில தேத்தண்ணி இறங்காட்டி உனக்கே கதை வராது. காஞ்சு கிடக்கிறதிட்டப் போய் மூச்சு விடு எண்டா?"

காய்ந்த மண்ணில் மூச்சு அடங்கியிருக்கும் என்பது நான் படித்த பாடந்தான். உன் துயரத்தின் முன்னால் விரைந்து ஒரு முடிவு சொல்ல முனைந்ததில் அதை மறந்தேன். நீ பென்சிலை எடுத்துச் சிட்டையில் அந்தக் கேள்வியைப் பதிந்தாய். பிறகு உப்பேறாத கிணறு தேடிப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, நான் போத்தல்களை மீண்டும் மூடி வைத்தேன். மறுநாட் காலை மண்மேல் இருந்த போத்தல் பாலாக வெளுத்திருந்தது.

"இது நுண்ணுயிர்களின் மூச்சு மட்டுந்தான். வேர் தாங்குமோ தெரியாது, மாரி மழையில உப்பு இறங்க வேணும்" என்று எச்சரித்தேன்.

"சந்தோசப்படுறதுக்கும் சட்டம் வைச்சிருக்கிறாய், மச்சான்" என்று சிரித்து, உறுதியை மீண்டும் சேலைத்துண்டில் சுற்றினாய்.

மாரி உப்பைக் கழுவியது. 2006 தைமாதம், நீ விதைத்துத் திட்டுத்திட்டாக முளைத்திருந்த கச்சானின் வேரருகே ஒரு போத்தலும் வெறும் மண்ணில் ஒரு போத்தலும் ரின்னால் மூடி வைத்தோம். வேரருகே இருந்ததே முதலில் வெளுத்தது. "பார், அவள்ட கச்சான் மூச்சு விடுது" என்றாய். யாருடைய கச்சான் என்பதைச் சுண்ணாம்பு நீர் காட்டாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அவ்வாண்டு ஆவணியில், நெடுங்காலம் தரிசாய்க் கிடந்த ஒரு காணியைப் பார்க்கப் படகேறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். நீ முதலில் வாளி கேட்டாய். "என்ன அண்ணா, வெறும் நிலத்துக்கு விருந்தா?" என்றாள் காணிக்காரி. "ஓம் தங்கச்சி. முதல்ல தண்ணி, பிறகுதான் சுகம் விசாரிக்கிறது." அங்கும் மறுநாள் போத்தல் வெளுத்தது.

சென்ற ஐப்பசியில் நீயும் அவளிடம் போய்ச் சேர்ந்தாய். உன் காணி அன்றிலிருந்து வெறுமனே கிடக்கிறது. நேற்று உன் மகன் எழுதியிருக்கிறான்: "மாமா, அம்மாட காணி இன்னும் விளையுமா? நான் வரட்டா?" 'ஐயம்தான்' என்று தொடங்கி அவனுக்கு அரைப்பக்கப் பதில் எழுதியிருந்தேன். இந்தப் போத்தலைக் கண்டதும் அதைக் கிழித்துவிட்டேன்.

இதுவும் ஆவணிதான், மச்சான். வாளியை எடுத்து வைத்திருக்கிறேன். காணிக்குத் தண்ணீர் கொடுத்து, நாளைக் காலை போத்தலைப் பார்த்த பிறகே அவனுக்குப் பதில் எழுதுவேன்.