மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லேத் ஓட்டும் சலீம் அண்ணனுக்கு நேற்று வாட்ஸ்அப்பில் கடைய வேண்டிய கோணத்தை அனுப்பியது நான்தான். மூன்று டிகிரி. கம்ப்யூட்டரில் டிகிரி குறி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. டிசைன் பிரிவில் எல்லோருமே சைபரை அடித்து, சின்னதாக்கி, மேலே தூக்கிவிடுவோம். அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். தூக்கிய சைபர் கீழே இறங்கி, 30 என்று போய்விட்டது.

காலையில் நாற்பது பீஸும் வீணாகிக் கிடந்தன. பார்த்ததுமே புரிந்தது. மேனேஜர் வருவதற்குள் அந்த மெசேஜை அழித்துவிட்டேன். சலீம் அண்ணன் போனிலிருந்தும்.

மேனேஜர் கன்னடத்தில் கத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார். “முப்பதுன்னு யாருய்யா சொன்னது?”

“மேடம்தான் சார் அனுப்புனாங்க. இருங்க, காட்டறேன்.”

சலீம் அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தார். மெசேஜ் நீக்கப்பட்டது என்ற வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் தப்பா பாத்துட்டேன் போல சார்.”

நான் குனிந்து வீணான பீஸ்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன்.

சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம் வந்து நின்றார். “இனிமே பேப்பர்லயே எழுதிக் குடுத்துருங்க மேடம்.” அவ்வளவுதான் சொன்னார்.

இப்போதுதான் தேடினேன். போனில் குறிகளின் இரண்டாம் பக்கத்திலேயே ° இருக்கிறது. ‘அது 3° அண்ணா, மெசேஜ அழிச்சதும் நான்தான்’ என்று அவருக்கு அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

அவருக்குத்தான் தெரியுமே. அனுப்ப வேண்டியது மேனேஜருக்கு.